மேனேஜரின் காலி எடை

ஊர்ச் சாலை பிரிகிற எங்கள் சுண்டங்குளம் விலக்கில் எடை போடாமல் எதுவும் நகராது. கரிசல்காட்டு மக்காச்சோளம், மிளகாய் வத்தல் மூட்டை, சீமைக்கருவேலத்தை மூட்டம் போட்டு எடுத்த வேலிக்கரி, கடலோரத்து உப்பு எல்லாம் லாரியேறி நாற்கரச் சாலைக்குப் போகும் முன்னால் சந்தனமாரியின் எடைமேடையில் ஒரு நிமிஷம் மூச்சைப் பிடித்து நின்றுவிட்டுத்தான் போக வேண்டும், வரும்போது காலியாக ஒரு எடை, போகும்போது லோடோடு ஒரு எடை, பெரியதில் சின்னதைக் கழித்தால் சரக்கு என்பது இங்கே பால்வாடிப் பிள்ளைக்கும் தெரியும். அதனால்தான் எடை அறையில் தொங்கிய கூண்டுக்குள் இருந்த கிளி பத்தொன்பது கிலோ நானூறு கிராம் இருந்ததை நாங்கள் யாரும் அதிசயமாக நினைக்கவில்லை. சீட்டில் எழுதியதைவிடக் கூட இருப்பது எங்கள் ஊரில் எல்லாச் சரக்குக்கும் உள்ள வழக்கம்தான்.

பார்க்க ஒரு தண்ணீர்ச் செம்பு உயரம்தான் இருக்கும். சாம்பல் நிற உடம்பு, சிவப்பு வால், வெள்ளை முகத்தில் மஞ்சள் கண். பதினோரு வருஷத்துக்கு முன்னால் துறைமுகத்திலிருந்து வந்த கன்டெய்னர் டிரைவர் ஒருவர் கூண்டையும் அதற்கான காகிதங்களையும் சந்தனமாரியிடம் கொடுத்து, ரெண்டு நாளில் திரும்பி வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று போனவர் போனவர்தான். ஆப்பிரிக்கக் கிளி, மனுஷன் பேச்சை அப்படியே பேசும் என்று சொல்லிவிட்டுப் போனார். அது ஒரு வார்த்தை பேசவில்லை. வருகிறவர் போகிறவரையெல்லாம் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டு, ஒன்றும் செய்யாமல், ஒன்றும் சொல்லாமல், எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டே உட்கார்ந்திருந்ததால் டிரைவர்கள் அதற்கு ‘மேனேஜர்’ என்று பெயர் வைத்தார்கள்.

பேசாத கிளியிடம்தான் மனுஷன் பேசுவான். முன்னால் ஏழு லாரி நிற்கிறது, வெயில் கொளுத்துகிறது, அறைக்குள் ஒரு மின்விசிறி ஓடுகிறது, அதன் கீழே மேனேஜர் தலையைச் சாய்த்து உட்கார்ந்திருக்கிறது என்றால், பெண்டாட்டியிடம் சொல்லாததை, பெற்றவளிடம் சொல்லாததை, சாமியிடம்கூட மறைத்ததை ஒருவன் அங்கே கூண்டுக் கம்பியில் வாயை வைத்துச் சொல்லாமல் என்ன செய்வான்? முதலில் டிரைவர்கள் சொன்னார்கள், பிறகு லோடுமேன்கள், பிறகு வத்தல் அடுக்கும் கிட்டங்கியில் காம்பு கிள்ளுகிற பெண்கள், கடைசியில் மழைக்கு ஒதுங்குகிறேன் என்று சாக்குச் சொல்லி ஊரே வந்து சொன்னது. சொல்லிவிட்டுப் போகிறவர்கள் லேசாக நடந்து போனார்கள், மேனேஜரின் கூண்டு ஒரு விரற்கடை கீழே இறங்கியது. கம்பியில் தொங்கிய கூண்டைக் கயிற்றுக்கு மாற்றினாள் சந்தனமாரி, கயிற்றிலிருந்து லாரி இழுக்கிற சங்கிலிக்கு மாற்றினாள். சொல்லிவிட்டுச் செத்துப்போனவர்களின் எடை மட்டும் அவர்களோடேயே போய்விடும். பழைய வாட்ச்மேன் தவறிய அன்று சங்கிலி ஒரு சத்தத்தோடு மேலேறியதை அவளே பார்த்திருக்கிறாள்.

கூண்டுக் கதவை யாரும் மூடியதில்லை. இரண்டாவது வருஷமே கொக்கி தேய்ந்துபோனது, மாற்றவும் இல்லை, அந்தக் கனத்தோடு அது எங்கே பறக்கப் போகிறது? காலையில் ஒரு தரம் இறக்கையை விரித்துப் படபடவென்று அடிக்கும், மேசையிலுள்ள சீட்டெல்லாம் பறக்கும், அது மட்டும் உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும். மேனேஜர் எக்ஸசைஸ் செய்கிறார் என்று நாங்கள் சிரிப்போம். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஐப்பசி மாதம் ஒரு வியாழக்கிழமை காலையில் சந்தனமாரி அறையைத் திறந்தபோது மேனேஜர் கூண்டின் அடியில் இறகையெல்லாம் உப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தது, ஒவ்வொரு மூச்சுக்கும் வால் ஏறி ஏறி இறங்கியது. பதினோரு வருஷமாக அவள் இட்லியில் முதல் விள்ளலைத் தின்ற பறவை அன்றைக்கு இட்லியைத் திரும்பிப் பார்க்கவில்லை. புருஷன் மாரடைப்பில் போன பிறகு அவளும் மகளும் எடைமேடையும் என்று இருந்தவள், இரண்டு வருஷமாக மகளும் கோயம்புத்தூரில் நர்சிங் படிக்கப் போய்விட, பகல் முழுக்க அவளுக்கு முகம் கொடுத்த ஒரே உயிர் அதுதான். இது போய்விட்டால் தனக்கு யாரும் இல்லை என்பது அவளுக்கு அந்த நிமிஷம் தெரிந்தது. மேடையில் நின்ற லாரியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவந்து லோடுமேன்கள் பேச்சிராஜையும் சங்கரலிங்கத்தையும் கூப்பிட்டாள். இருவரும் கூண்டில் கம்பு கொடுத்துத் தோளில் தூக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி, கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோனார்கள்.

டாக்டர் ஜெனோவா நாகர்கோவில் பக்கத்துப் பெண், எங்கள் ஊருக்கு வந்து நாலு மாதம்தான். ஆட்டுக்குப் பூச்சி மருந்து கொடுக்கக்கூட எடை பார்க்காமல் கொடுக்க மாட்டார். எடையை நம்பிப் பிழைக்கிற ஊர் என்பதால் எங்களுக்கு அது ரொம்பப் பிடித்திருந்தது. கிளியை ஒரு துண்டால் போர்த்தி எடுத்து, வயிற்றின் அடியில் ஒரு விரலால் மட்டும் மெல்லத் தடவிப் பார்த்தார்.

“அக்கா, இதுக்கு என்ன பேரு?”

“மேனேஜர்.”

“மேனேஜர் ஆம்பளை இல்லக்கா. உள்ள முட்டை நிக்குது. வெளிய வர முடியாம சிக்கியிருக்கு.”

இந்த ஜாதிக் கிளியில் ஆணும் பெண்ணும் பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும் என்று டாக்டர் சொன்னார். பதினோரு வருஷமாக ஒரு பொம்பளையிடமா இதையெல்லாம் சொன்னோம் என்று வாசலில் நின்ற பேச்சிராஜுக்கு முகம் வெளிறிவிட்டது.

“ஜோடி இல்லாம எப்படிம்மா முட்டை?” என்றான் சங்கரலிங்கம்.

“சேவல் இல்லாத வீட்டுல கோழி முட்டை போடலையா அண்ணாச்சி? அதுமாதிரிதான்.” டாக்டர் சந்தனமாரியைப் பார்த்தார். “சாயந்தரத்துக்குள்ள எடுக்கணும். முழிச்சிருக்கும்போது எடுக்க முடியாது. மிரண்டு போயிரும். ஊசி வேண்டாம், மூக்குத் துவாரத்துல ரெண்டு மூணு சொட்டு மயக்க மருந்து விட்டா பயம் விலகும், தசை இளகும், முட்டையை எடுத்துறலாம். அப்புறம் எழுப்பறதுக்கும் மருந்து இருக்கு. ஆனா எடை கிராம் சுத்தமாத் தெரியணும்.”

முப்பது கிலோ வரைக்கும் ஒரு கிராம் பிசகாமல் காட்டுகிற தராசு அவரிடம் இருந்தது. அதில் வைத்தார். 19,400 என்று காட்டியது. தராசை அணைத்துப் போட்டு மறுபடி வைத்தார். அதே எடைதான்.

“அது அவ்வளவு இருக்கும்மா” என்றாள் சந்தனமாரி. “ஊர் லோடு.”

எந்த லோடு, எப்படி ஏறியது என்று அவள் சொல்லி முடித்ததும், டாக்டர் ‘அப்படியா’ என்றார். மாட்டு ஆஸ்பத்திரியில் நாலு மாதம் இருந்தவருக்கு எந்த ஊரிலும் எதுவும் நடக்கும் என்று தெரிந்திருக்க வேண்டும். இந்த அளவுக் கிளி நானூற்றைம்பது கிராம் பக்கம்தான் இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு, அதற்குரிய சொட்டை மட்டும் மூக்கில் விட்டு, குண்டு பல்பின் வெதுவெதுப்பில் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். இருபது நிமிஷம் ஆனது. கிணற்றில் போட்ட உப்புக்கல் மாதிரி மருந்து எங்கே போனது என்றே தெரியவில்லை. மேனேஜர் மஞ்சள் கண்ணைத் திறந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது.

“மருந்து லோடுக்கும் சேத்துப் பிரியுதுக்கா” என்றார் டாக்டர். “பத்தொன்பது கிலோவுக்குக் கணக்குப் போட்டுக் குடுத்தா இது கண் முழிக்காது. நடுவுல ஏதோ ஒரு அளவுன்னு குத்துமதிப்பாக் குடுக்க நான் மாட்டேன். எனக்குக் காலி எடை வேணும். லோடை இறக்குங்க.”

எப்படி இறக்குவது என்று யாருக்கும் தெரியவில்லை. பதினோரு வருஷமாக ஏற்றியிருக்கிறோமே தவிர, இறக்குகிற யோசனை எங்களில் ஒருவருக்கும் வந்ததில்லை.

அதைக் கண்டுபிடித்தது பேச்சிராஜ்தான், அவனும் கண்டுபிடிக்க வேண்டும் என்று கண்டுபிடிக்கவில்லை. மருந்தக நடையில் சங்கரலிங்கத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன், உள்ளே வால் ஏறி இறங்குவதைப் பார்க்கப் பார்க்கத் தாங்க முடியாமல் முகத்தை மூடிக்கொண்டு அழுதான், அழுதுகொண்டே, “ஏ சங்கரா, அன்னைக்கு லாரிப் பின்கதவு கொக்கி தானா விடலடே, நான்தான் பாக்காம விட்டேன், உன் விரலு போனது என்னாலதான்டே” என்றான். சங்கரலிங்கத்துக்கு வலது கையில் நாலு விரல்தான். ஆறு வருஷமாகப் பழைய கொக்கியைத்தான் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தோம். சங்கரலிங்கம் எழுந்து தெருவுக்குப் போனான், ரொம்ப நேரம் வரவில்லை, பிறகு இரண்டு டீயோடு வந்து ஒன்றைப் பேச்சிராஜின் முன்னால் தரையில் வைத்தான். அதே நேரம் உள்ளிருந்து டாக்டர் கத்தினார்.

“அக்கா, ரெண்டு கிலோ முந்நூறு இறங்கியிருக்கு! யார் என்ன செஞ்சீங்க?”

அடுத்த ஆள் சந்தனமாரி. கைப்பேசியை எடுத்து மகளைக் கூப்பிட்டாள், வகுப்பிலிருந்து வெளியே வந்து பேசியவளிடம் மூச்சு விடாமல் சொன்னாள்: “ஏட்டி, நீ ஹாஸ்டலுக்குப் போன அன்னைக்கு நான் அழுதேன்னு எல்லார்ட்டயும் சொன்னேம்லா, நான் அழல. எட்டு மணி வரைக்கும் தூங்கினேன். சோறுகூட ஆக்கல. எனக்கு நிம்மதியா இருந்துச்சு. உன்கிட்ட மறைச்சுட்டேன்.” அந்தப் பக்கம் மகள், “எனக்கும்தாம்மா. பஸ் கிளம்புனதும் நல்லாத் தூங்கிட்டேன்” என்று சொல்லி அழுதாளா சிரித்தாளா என்று தெரியாமல் ஏதோ செய்தாள். ஒரு கிலோ நூற்றைம்பது கிராம்.

ஆக, கிளியிடம் சொன்னதை ஒரு மனுஷக் காதில் சொல்லிவிட்டால் லோடு இறங்கிவிடும். ‘விலக்கு லோடு’ வாட்ஸாப் குழுவில் பேச்சிராஜ் பேசிப் போட்டான்: “மேனேஜருக்குச் சொகமில்ல. மேனேஜரு பொம்பளையாம். உள்ள முட்டை சிக்கிருக்கு. எடை குறைஞ்சாத்தான் மயக்க மருந்து குடுப்பாகளாம். அதுகிட்ட என்னத்தையாவது சொல்லிருக்கவுக எல்லாரும் மாட்டாஸ்பத்திரிக்கு வந்து உங்க லோடை எடுத்துக்கிடுங்க. யாரு காதுலயாவது சொன்னாப் போதும். நான் சொல்லிட்டேன். ஒண்ணும் செத்துற மாட்டிய.”

பதினோரு மணிக்கெல்லாம் விலக்கில் ஒரு லாரியும் அசையவில்லை. முதலில் வந்தவர்கள் வேறு வேலையாக வந்தவர்கள்போல நின்றார்கள், ஒருவர் ஆட்டைக் கூடப் பிடித்து வந்திருந்தார். வேறு யாராவது முதலில் போகட்டும் என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தவர்கள், உள்ளே சந்தனமாரி ‘எம்மா எம்மா’ என்று கிளியிடம் கெஞ்சுகிற சத்தம் கேட்டதும் தாங்களாகவே வரிசையானார்கள். மருந்தகத்தின் பின்னால், ஊசி போட மாட்டை நிறுத்துகிற இரும்புச் சட்டத்தில் முன்னால் நிற்பவர் காதில் பின்னால் நிற்பவர் சொல்வது, சொன்னவர் அடுத்தவருக்குக் காது கொடுத்துவிட்டுப் போவது என்று ஒரு முறை தானாக ஏற்பட்டது. பழக்க தோஷம், இறங்கிய எடைக்குச் சீட்டு வேண்டும் என்றார்கள். சந்தனமாரி ஆள் அனுப்பி எடைமேடைச் சீட்டுப் புத்தகத்தை எடுத்துவரச் சொல்லி, வண்டி எண் போடுகிற இடத்தில் ஆளின் பெயரைப் போட்டு, மொத்த எடை, காலி எடை, சரக்கு எடை என்று எழுதி வெள்ளைச் சீட்டை அவர்களுக்குக் கொடுத்தாள், ரோஸ் சீட்டைத் தான் வைத்துக்கொண்டாள்.

அன்றைக்குத்தான் எங்கள் ஊர் தன் பாவங்களின் எடையைத் தெரிந்துகொண்டது, அது யாரும் நினைத்தபடி இல்லை. டீக்கடை திரவியம் இருபது வருஷத்துக்கு முன்னால் வந்த காய்ச்சலில் நாக்கில் ருசி செத்துப்போனதையும், அன்று முதல் எந்த டீயையும் ருசி தெரியாமலே போட்டு வருவதையும் தன் பெண்டாட்டி காதில் சொன்னார். மூன்று கிலோ நானூறு. “அட கிறுக்கா, இதையா இருபது வருஷம் சுமந்தீரு” என்று அந்தம்மா நடுத்தெருவில் அவர் கன்னத்தைத் தடவியதை நாங்கள் எல்லாரும் பார்த்தோம். தன் ரகசியம் ஊரையே கவிழ்த்துவிடும் என்று பத்து வருஷம் நடுங்கிக்கொண்டிருந்த ஓய்வு பெற்ற தலைமையாசிரியர் ஞானசிகாமணி அந்த இரும்புச் சட்டத்துக்குள் போய்க் கால் மணி நேரம் சொல்லிவிட்டு வந்தார், தராசு பதினைந்து கிராம் இறங்கியது. மனுஷனுக்குப் பொறுக்கவில்லை. தராசில் பிழை இருக்கிறது, மறு எடை போட வேண்டும் என்று சண்டைக்கு வந்தார். அவர் சொன்னதைக் கேட்டவர் காம்பு கிள்ளுகிற ராமுத்தாய். “சார், அது எல்லார் வீட்டுலயும் உள்ளதுதான் சார்” என்று அவள் சமாதானம் சொல்ல, அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

மத்தியானம் ஒரு மணி சுமாருக்கு வரிசையில் யாரும் இல்லாத நேரத்தில், சந்தனமாரியும் டாக்டரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, தராசு தானாக ஒரு கிலோ எண்ணூறு இறங்கியது. நாக்பூரைத் தாண்டி ஒரு தாபாவில் லாரியை ஓரங்கட்டி, குழுவில் வந்ததைக் கேட்ட எங்கள் ஊர் டிரைவர் கலீல் கூட வந்த மாற்று டிரைவரிடம் சொல்லியிருக்கிறார். “இறங்குச்சா அக்கா?” என்று மட்டும் போனில் கேட்டார். இறங்குச்சு தம்பி என்றாள் சந்தனமாரி. அவர் என்ன சொன்னார் என்பது இன்று வரை எங்களுக்குத் தெரியாது, நாங்கள் கேட்கவும் இல்லை.

நாலு மணிக்குத் தராசில் 730 கிராம் நின்றது. வரிசை முடிந்துவிட்டது. மேனேஜர் கண்ணைத் திறக்கவே சிரமப்பட்டது, வால் வேக வேகமாக ஆடியது. பேச்சிராஜ் வாசலில் நின்று, இன்னும் யாராவது இருக்கியளா, யாராவது மறந்துட்டியளா என்று தொண்டை கட்டும்வரை கத்தினான். சொன்னவர்களே இரண்டாந்தரம் சொல்லிப் பார்த்தார்கள். ஒரு கிராம் குறையவில்லை.

“எழுநூத்தி முப்பதுக்கே மருந்து குடுத்துருங்கம்மா” என்று சந்தனமாரி கைகூப்பினாள். “கொஞ்சம் முன்னப்பின்ன இருந்தா என்ன?”

டாக்டர் தராசைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு கையுறையைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“மிச்சம் என்னுது அக்கா” என்றார்.

ஆனி மாதம் அவர் வேலையில் சேர வந்த அன்று விலக்கில் பஸ்ஸிலிருந்து இறங்கியதும் நல்ல மழை. எடை அறையில் ஒதுங்கியவரை உட்காரச் சொல்லிவிட்டு சந்தனமாரி லாரி பார்க்க வெளியே போயிருந்தாள். அந்தப் பத்து நிமிஷத்தில் கூண்டுக்கு முன்னால் நின்று சொன்னதை, இப்போது வாசலிலும் சன்னலிலும் ஊரே நிற்க, சந்தனமாரியின் முகத்தைப் பார்த்துச் சொன்னார்.

“படிக்கும்போது, கடைசி வருஷம், ஒரு அம்மா நகம் வெட்டுறதுக்கு ஒரு சின்னக் கிளியைக் கொண்டுவந்தாங்க. பள்ளிக்கூடத்துல சத்துணவு சமைக்கிறவங்க. அதுக்கு மயக்க மருந்து வேண்டாம், சட்டுனு முடிச்சிரலாம்னு நானே பிடிச்சேன். கடிச்சிரும்னு பயம். நெஞ்சோட சேத்து இறுக்கிட்டேன். பறவைக்கு நெஞ்சு விரிஞ்சு சுருங்கினாத்தான் மூச்சு. எனக்கு அது தெரியும். தெரிஞ்சே பயத்துல இறுக்கினேன். ரெண்டு நிமிஷம்கூட இல்ல. கையிலேயே அடங்கிருச்சு.” அவர் தன் வலது கையைப் பார்த்தார். “வெளிய வந்து அந்தம்மாகிட்ட, மயக்க மருந்து ஒத்துக்கலைன்னு சொன்னேன். மருந்தே போடலை அக்கா. அந்தம்மா இன்னைக்கு வரைக்கும், கிளிக்கு மயக்க மருந்து மட்டும் போட்டுறாதீங்கன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டு இருக்காங்களாம். மருந்து கொல்லலை. என் கைதான்.”

தராசு 462க்கு வந்து நின்றது.

சாலையில் ஏதோ ஒரு லாரி ஹாரன் அடித்தது, பேச்சிராஜ் ஓடிப்போய் அதை நிறுத்தினான், அதன் பிறகு விலக்கில் ஒவ்வொரு வண்டியாக இஞ்சினை அணைத்தார்கள். சந்தனமாரிக்குக் கோபம் வந்தது, அது உண்மை. ஒரு பறவையை நசுக்கிய கையிலா தன் பறவையைக் கொடுப்பது என்று நினைத்தாள். இருபது மைல் தள்ளி இன்னொரு டாக்டர் இருக்கிறார், வண்டி பிடித்தால் ஒரு மணி நேரம், மேனேஜர் அந்த ஒரு மணி நேரம் தாங்குமா என்று கிளியைப் பார்த்தாள், டாக்டரைப் பார்த்தாள். டாக்டர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார், தானாக எடுக்க மாட்டேன் என்று நிற்கிற மாதிரி.

சந்தனமாரி துண்டோடு சேர்த்து மேனேஜரை எடுத்தாள். பதினோரு வருஷத்தில் அவள் அதை ஒற்றைக் கையில் தூக்கியது அன்றைக்குத்தான். டாக்டரின் முன்னால் போய் நின்றாள்.

“அந்தக் கையை நீட்டுங்க.”

டாக்டர் நீட்டினார்.

“இந்தக் கையிலயே பிடிங்க. எவ்வளவு இறுக்கக் கூடாதுன்னு இந்தக் கைக்குத்தானே தெரியும்” என்று சொல்லி மேனேஜரை அதில் வைத்தாள்.

டாக்டர் அழுதுகொண்டே வேலை செய்தார். துண்டால் இறக்கையை மட்டும் அணைத்து, நெஞ்சை விட்டுவிட்டு, தலையை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு, நானூற்று அறுபத்திரண்டு கிராமுக்கு உரிய மருந்தைச் சின்னக் குழலில் அளந்து, வலது துவாரத்தில் பாதி, இடது துவாரத்தில் பாதி, ஒவ்வொரு சொட்டாக விட்டார். ஐந்து நிமிஷத்தில் மஞ்சள் கண்மேல் இமை கீழிருந்து மேலாக மூடியது. உப்பியிருந்த இறகு படிந்தது. தலை துண்டின்மேல் சாய்ந்தது.

“போயிருச்சா?” என்றாள் சந்தனமாரி.

“தூங்குதுக்கா. நெஞ்சைப் பாருங்க. அது ஏறி இறங்குறதை எண்ணிக்கிட்டே இருங்க, நின்னா சொல்லுங்க. அதுதான் உங்க வேலை.”

சந்தனமாரி சத்தமாக எண்ணினாள். நூற்றைத் தாண்டியதும் வாசலில் நின்றவர்களும் சேர்ந்து எண்ணினார்கள், சன்னலில் நின்றவர்கள் எண்ணினார்கள், உள்ளே எதுவும் தெரியாத தெருவில் நின்றவர்கள்கூடக் கேட்ட சத்தத்தை வைத்து எண்ணினார்கள், ஊர் முழுக்க ஒரு கிளியின் மூச்சைத் தன் வாயால் எண்ணிக்கொண்டு நின்றது. பல்பு எரிந்துகொண்டிருந்தது. டாக்டர் எண்ணெய் தடவி, விரல் நுனியால் கொஞ்சம் கொஞ்சமாக, அவசரப்படாமல் தள்ளித் தள்ளி, எண்ணூற்றுச் சொச்சத்தில் முட்டையை வெளியே எடுத்தார். வெள்ளையாக, முழுசாக, ஒரு சின்ன எலுமிச்சம்பழ அளவில் இருந்தது. பத்தொன்பது கிராம்.

எழுப்புகிற மருந்தைத் தொடையில் போட்ட பிறகு மேனேஜர் முதலில் ஒரு கண்ணைத் திறந்தது, பிறகு இன்னொன்றை, குடித்தவர் மாதிரி இரண்டு அடி தள்ளாடி நடந்து, டாக்டரின் வலது மணிக்கட்டில் ஏறி உட்கார்ந்தது. அந்தக் கை தன்னுடையதுதானா என்று பார்ப்பவர்போல டாக்டர் குனிந்து பார்த்தார். சந்தனமாரி அன்றைய கடைசிச் சீட்டை எழுதினாள்: மேனேஜரம்மா, காலி எடை நானூற்று நாற்பத்து மூன்று கிராம். அதற்கு முந்தின சீட்டைக் கிழித்து டாக்டரிடம் கொடுத்தாள். ஜெனோவா, சரக்கு எடை இருநூற்று அறுபத்தெட்டு கிராம். அவர் அதை இரண்டாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

மூன்று நாள் மேனேஜரம்மா நன்றாகத் தின்றது, நன்றாகத் தூங்கியது. நாலாம் நாள் காலையில் வழக்கம்போல இறக்கையை விரித்துப் படபடவென்று அடித்தது, சீட்டெல்லாம் பறந்தது, கூடவே மேனேஜரம்மாவும் பறந்தது. திறந்தே கிடந்த கதவைப் பற்றி நாங்கள் யாரும் யோசிக்கவில்லை. பதினோரு வருஷம் மூடாத கதவு யார் கண்ணுக்குத் தெரியும்? அது மின்விசிறிக்குக் கீழே நுழைந்து, வாசலைத் தாண்டி, எடைமேடைக்கு மேலே, வரிசையில் நின்ற லாரிகளுக்கு மேலே, செல்போன் கோபுரத்துக்கு மேலே போனது. டிரைவர்கள் கீழே இறங்கி அண்ணாந்து நின்றார்கள். பேச்சிராஜ், “அக்கா, கூப்பிடுங்க, கூப்பிடுங்க” என்று குதித்தான். சந்தனமாரி வாசலில் நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். கூப்பிட்டால் வந்துவிடுமோ என்று அவளுக்குப் பயமாக இருந்ததாகப் பிறகு சொன்னாள்.

அது மூன்று வட்டம் சுற்றியது. பிறகு இறங்கி வந்து, அறுபது டன் லாரியைத் தாங்குகிற அந்த இரும்பு மேடையின் நட்டநடுவில் தனியாக நின்றது. நாங்கள் எல்லாரும் ஒரே நேரத்தில் அறைக்குள் இருக்கும் எண் பலகையைத்தான் பார்த்தோம். பூஜ்ஜியம். அசையவே இல்லை. எங்கள் மேடைக்குப் பத்து கிலோவுக்குக் கீழே கண் தெரியாது.

தகவல் கேட்டு டாக்டர் வண்டியைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். முந்தின நாள் சாயங்காலம் எங்கெங்கோ கேட்டு ஒரு நம்பர் வாங்கி, அந்தச் சத்துணவு அம்மாவிடம் அரை மணி நேரம் பேசியிருக்கிறார் என்று சந்தனமாரிக்கு மட்டும் தெரியும். அந்தம்மா மன்னித்தாரா, திட்டினாரா என்று அவளிடம்கூடச் சொல்லவில்லை, முகம் வீங்கியிருந்தது. டாக்டர் மெல்ல நடந்து மேடையில் ஏறி, வலது கையை நீட்டிக்கொண்டு குனிந்து நின்றார். மேனேஜரம்மா தலையைச் சாய்த்து அவரைப் பார்த்தது, அவர் ஒன்றும் சொல்லவில்லை, அது ஏறி மணிக்கட்டில் உட்கார்ந்தது.

எண் பலகை அறுபதில் நின்றது.

“என்ன காட்டுதுக்கா?” என்று மேடையிலிருந்தே டாக்டர் கேட்டார்.

“அறுபது” என்றாள் சந்தனமாரி. “உங்க எடைதான்.”